தற்காலிகம் என்று எழுதிய வரிகள் ஏன் காலத்துக்கும் நிற்கின்றன?

அரைப்புள்ளி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி வருகிறேன். இத்தனை காலத்தில் மனத்தில் ஊறி உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே வைத்து, அது சரிதானா என்று உங்களிடம் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். நாம் ஆற அமர யோசித்து, பலகையில் படம் வரைந்து, நாலு பேர் கூடிப் பேசி வடிவமைத்த பகுதிகளெல்லாம் மூன்று ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டுவிடுகின்றன. "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்" என்று சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவசரமாகத் தட்டிய வரியோ அசையாமல் நிற்கிறது. இதைப் பலர் சோம்பலின் கணக்கில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் யாரோ சிலருக்கு இடைஞ்சல் வந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, ஒரு நிரலின் பல கோப்புகளைச் சரியான வரிசையில் தொகுத்துக் கொடுக்கும் 'மேக்' என்ற கருவி. 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். அதன் கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் ஒரு டேப் எழுத்தோடுதான், அதாவது டேப் விசை விடும் வெற்றிடத்தோடுதான், தொடங்க வேண்டும். எட்டு இடைவெளிகளைத் தட்டினால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கருவிக்கோ இரண்டும் வேறு வேறு. சில வாரங்களிலேயே அந்த விதி தொந்தரவானது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேர் அளவில், பெரும்பாலும் நண்பர்களே, அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் பழுதாகிவிடுமே என்று அவர் அதை மாற்றவில்லை. அந்தப் பன்னிரண்டு பேருக்காக விட்டுவைத்த விதியை அரை நூற்றாண்டாக உலகத்துப் புரோகிராமர்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் சேர்த்த ஒரு பிழைச்செய்தி, "எட்டு இடைவெளிக்குப் பதிலாக டேப் தட்ட நினைத்தீர்களா?" என்றே நம்மைக் கேட்கிறது. 2003-ல் அதே கருவிக்காக அவருக்குக் கணினி வல்லுநர்களின் சங்கமான ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் கிடைத்தது. எனக்கு அந்த டேப் மீது கோபமே வந்ததில்லை. பன்னிரண்டு நண்பர்களின் வேலை கெடக்கூடாது என்று நினைத்த மனம் அதற்குள் இருக்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் மென்பொருளில், பில்லை பிரின்டருக்கு அனுப்பும் இடத்தில் மூன்று விநாடி சும்மா காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்ற ஒரே சொல். யார் எழுதியது, எதற்கு என்ற விவரம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு டீமில் சேர்ந்த பெண், மிகவும் கவனமாக வேலை செய்பவர், "அண்ணா, இது எதற்கு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து எடுத்தோம். எல்லாக் கடைகளிலும் பில் மூன்று விநாடி முன்னதாக வந்து விழுந்தது. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, விருதுநகர்ப் பக்கத்து மொத்த மருந்துக்கடை ஒன்றிலிருந்து ஃபோன் வந்தது. அங்கே அடித்த ஒவ்வொரு பில்லிலும் மேலே வரவேண்டிய இரண்டு வரிகள், அதாவது கடைப்பெயரும் மருந்து விற்பனை லைசென்ஸ் எண்ணும், வரவே இல்லை. அவர்களிடம் இருப்பது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். உறக்கத்திலிருந்து எழுந்து, ஊசித்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, 'நான் தயார்' என்று நிற்க அதற்கு மூன்று விநாடி தேவைப்படுகிறது. அதற்கு முன் அனுப்புவதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. வரியைத் திரும்ப எழுதிச் சேர்த்தோம்.

ஆகவே என் கேள்வி இதுதான்: விளங்காத பழைய வரியைக் கண்டால் முதலில் மதிக்க வேண்டும் என்று நான் சொல்வது சரியா, அல்லது வயதாகி வருவதால் இப்படித் தோன்றுகிறதா?

பழையமுனையம் எழுதியது:

தம்பி அரைப்புள்ளி, வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. முப்பது வயதில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோதும் நீங்கள் சொன்னதையே நினைத்தேன். அன்று என்னைத் திகைக்க வைத்தது 'வி-ஐ' எடிட்டர். கர்சரை இடம், கீழ், மேல், வலம் என்று நகர்த்த எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்துகளைத் தட்ட வேண்டும் என்றார்கள். எதற்காக அந்த நான்கு என்று கேட்டால், கற்றுக்கொடுத்தவருக்கே தெரியவில்லை. விரல்கள் இயல்பாக இருக்கும் வரிசை அது, வேகத்துக்காகத் திட்டமிட்டது என்று பலரும் விளக்கம் சொன்னார்கள். உண்மைக் காரணம் அதைவிட எளியது. பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதை எழுதியபோது அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல், அதாவது கணினியோடு இணைத்த திரையும் விசைப்பலகையும். அதில் அம்புக்குறிகளுக்கென்று தனி விசைகள் கிடையாது. அந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அவ்வளவுதான்.

அதே டெர்மினலில் 'ஹோம்' என்ற சொல்லும் டில்டா என்ற சுருள் குறியும் ஒரே விசையில் இருந்தன. இன்றைக்கும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நம்முடைய சொந்தக் கோப்புறையை அந்தச் சுருள் குறியால்தான் குறிக்கிறோம். ஒரு டெர்மினல் காணாமற்போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும், அதன் விசைப்பலகையில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதை நம் விரல்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தருகிற செய்தி இது. கோயிலில் படிக்கட்டு தேய்ந்த இடத்தில் கால் வைத்து ஏறுவதைப் போல.

எண்பது எழுத்துக்கு மேல் நிரலின் ஒரு வரி நீளக்கூடாது என்ற விதியும் இப்படித்தான் வந்தது. ஐபிஎம் நிறுவனம் 1928-ல் கொண்டுவந்த, தகவலைத் துளைகளாகப் பதியும் அட்டையில் 80 நெடுவரிசைகள். அட்டை போய்த் திரை வந்தது. திரையும் 80-ஐ வைத்துக்கொண்டது. 1978-ல் வந்த விடி-100 டெர்மினலும் அதே அகலம். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை எழுதுபவர்கள் அந்த எல்லையை 100 ஆகத் தளர்த்தியது 2020-ல்தான். 80 என்ற எண் அட்டைக்காக வந்தது. இன்று அதைக் கையில் பிடித்தவர்கள் அரிது. ஆனாலும் வரி குறுகலாக இருந்தால் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டுப் படிக்க முடிகிறது. பழைய காரணம் செத்த பிறகு அதே இடத்தில் புதிய காரணம் ஒன்று குடியேறிவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

யூனிக்ஸில் கோப்பு உருவாக்கும் கட்டளைக்கு 'கிரியேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் பெயர் வைத்தார்கள். மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனிடம் கேட்டபோது, அந்த விடுபட்ட எழுத்தைச் சேர்ப்பேன் என்றார். அத்தனை பெரிய ஆக்கத்தைச் செய்த மனிதருக்குத் திருத்த வேண்டும் என்று தோன்றியது ஓர் எழுத்து. அதையும் யாரும் இன்றுவரை திருத்தவில்லை, ஏனென்றால் திருத்தினால் பழைய நிரல்கள் நின்றுபோகும்.

நள்ளிரவுப்பணி எழுதியது:

இருவரும் எழுதியதை விரும்பிப் படித்தேன். இருந்தாலும் மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அரைப்புள்ளி அண்ணன் சொன்ன அந்தப் பெண்ணின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இணையப் பக்கம் ஒன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டிய மேக் கோப்பில் டேப் எல்லாம் இடைவெளிகளாக மாறியிருந்தன. மாலை நாலு மணி முதல் இரவு ஒன்பது வரை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? 'எனக்கு இந்த வேலை வராது போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டே விடுதிக்கு நடந்தேன். பன்னிரண்டு நண்பர்களுக்கு வரவேண்டிய அரை மணி நேர இடைஞ்சலைத் தவிர்த்ததன் விலையை, அவர்கள் பிறந்த நாட்டுக்கு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், அவர்களை அறியாத பிள்ளைகள் கொடுக்கிறார்கள். நல்லெண்ணம் என்று சொல்லும்போது, இன்னும் வராதவர்களையும் அந்த எண்ணத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எக்செல் கதை இதைவிட அழுத்தமானது. ஒரு கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 29 பிப்ரவரி 1900 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாத ஆண்டு என்பதால் 1900 லீப் ஆண்டு ஆகாது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற அட்டவணை மென்பொருள் அதை லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. அதன் கோப்புகளை வைத்திருந்தவர்கள் சிரமமில்லாமல் மாறி வரவேண்டும் என்று எக்செல் அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. லோட்டஸ் போய்விட்டது. நடக்காத அந்த நாள் மட்டும் கோடிக்கணக்கான கணினிகளில் இருக்கிறது.

அதே எக்செல், தேதி போலத் தெரிவதையெல்லாம் தேதியாக மாற்றிவிடும். மனித மரபணுக்களில் 'செப்ட்-1', 'மார்ச்-1' என்ற சுருக்கப் பெயர்கள் கொண்டவை இருந்தன. ஆராய்ச்சியாளர் அந்தப் பெயரைத் தட்டினால் செப்டம்பர் முதல் தேதி என்றும் மார்ச் முதல் தேதி என்றும் மாறிவிடும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில்கூட அப்படித் தேதிகள் நுழைந்திருந்தன. முடிவில் என்ன நடந்தது தெரியுமா? 2020-ல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களை மாற்றியது! தேதியாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லில் வந்தது 2023-ல்தான். நம் உடம்புக்குள் இருக்கும் ஒன்றின் பெயர், ஓர் அட்டவணை மென்பொருளின் பழக்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்க நேர்ந்தது. இதையும் மதிக்க வேண்டுமா?

பிழைவேட்டை எழுதியது:

நான் டெஸ்டிங் வேலையில் இருப்பவன். அரைப்புள்ளியின் பக்கமா, நள்ளிரவுப்பணியின் பக்கமா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு விதி மட்டும் பரவினால் என்னவாகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது.

பிரவுசிங் சென்டர் காலத்தில் ஒரு மின்னஞ்சல் எல்லோருக்கும் வந்து சேர்ந்தது நினைவிருக்கிறதா? 'கான்' என்ற பெயரில் விண்டோஸில் கோப்புறை உருவாக்க முடியாது, இதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கும். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்து, கணினி மறுப்பதைக் கண்டு நானும் நண்பர்களும் வாயைப் பிளந்தோம். பல ஆண்டுகள் அதை ஒரு மர்மமாகவே வைத்திருந்தேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் விடை தெரிந்தது. விடை மர்மத்தைவிட அழகாக இருந்தது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம் டாஸ். 1981-ல் வந்த அதன் முதல் பதிப்பில் கோப்புறை என்பதே கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கிடக்கும். விசைப்பலகையும் திரையும் சேர்ந்த கருவிக்கு, அதற்கு முந்தைய சிபி/எம் அமைப்பின் வழியில், 'கான்' என்று பெயர். பிரின்டருக்கு 'பிஆர்என்' என்று பெயர். கோப்புக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் கருவியின் பெயரைக் கொடுத்தால் எழுத்துகள் அங்கே போய்ச் சேரும். கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களுக்கு 'காப்பி கான்' என்ற கட்டளை நினைவுக்கு வரும். விசைப்பலகையில் தட்டுவதைக் கோப்பாகச் சேமிப்பதற்கு அதைத்தான் முதல் வகுப்பில் கற்றுக்கொடுப்பார்கள். 1983-ல் டாஸின் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தன. அப்போது பழைய நிரல்கள் எந்தக் கோப்புறைக்குள் இருந்து ஓடினாலும் பிரின்டருக்கு அனுப்ப முடிய வேண்டுமே! அதனால் அந்தப் பெயர்களை எல்லாக் கோப்புறைகளிலும் செல்லும்படி ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே அந்தப் பெயரில் வேறு எதையும் உருவாக்க இடமில்லாமல் போயிற்று.

கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு 'காப்பி கான்' தெரியும். மின்னஞ்சலைப் பரப்பிய நமக்குக் 'கான்' கோப்புறை தெரியும். இரண்டும் ஒன்றே என்று சொல்ல ஒருவரும் இல்லை. நள்ளிரவுப்பணி அன்று இரவு ஒன்பது மணி வரை தவித்ததற்கும் காரணம் இதே என்று நினைக்கிறேன். அந்த டேப்பின் கதையை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர் நாலே கால் மணிக்குக் கிளம்பியிருப்பார்.

அகரவரிசை எழுதியது:

இந்த இழையில் எழுதுவதற்கு எனக்கும் உரிமை இருக்கிறது என்று எண்ணுகிறேன். நூலக அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் பேசுகிற பழைய முடிவுகளில் ஒன்று நம் எழுத்துகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பலா, பவளம், பழம், பள்ளம், பறவை, பனை. இந்த ஆறு சொற்களும் இந்த வரிசையில் வரவேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று பாடம் செய்தவர்கள் நாம். இவற்றை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடின் எண்களின்படி மட்டும் அடுக்கும் நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். பனை, பறவை, பலா, பள்ளம், பழம், பவளம் என்று திருப்பித் தரும். முதல் முறை இதைக் கண்டபோது நான் எழுதிய நிரலில்தான் தவறு என்று எண்ணி இரண்டு நாள் தேடினேன்.

நிரலில் தவறில்லை. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோது, இந்திய எழுத்துகளுக்கான பகுதிகளை 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரக்குறியீட்டின் அமைப்பிலேயே வைத்தார்கள். அந்த அமைப்பில் பெரும்பாலான இந்திய மொழிகளுக்கும் ஒரே கட்டம். ஒரு மொழியின் 'க' எந்த இடமோ, இன்னொரு மொழியின் 'க'வும் அந்த இடம். ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்து மாற்றுவது அதனால் எளிது. தேவநாகரியில் நான்கு ககரங்கள் உண்டு. நமக்கு ஒன்றே போதும். ஆகவே தமிழ்ப் பகுதியில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவில் மூன்று இடங்கள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன, ஆளில்லாத வீடுகள் போல. 'ன' அந்தக் கட்டத்தில் 'ந'வுக்கு அடுத்த வீட்டில் குடியமர்த்தப்பட்டது. 'ற' போய் 'ர'வுக்குப் பக்கத்தில் நின்றது. 'வ'வோ 'ள', 'ழ' இரண்டுக்கும் பின்னால் தள்ளப்பட்டது. இதை மாற்றவும் வழியில்லை. ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்துவதில்லை என்று 1996-ன் இரண்டாம் பதிப்பிலிருந்து யூனிகோடு உறுதி கொடுத்திருக்கிறது. நகர்த்தினால் அதுவரை எழுதிய ஒவ்வொரு தமிழ்க் கோப்பும் குழம்பிப் போகும்.

முதலில் எனக்கு மனம் மிகவும் வருந்தியது. நம் அரிச்சுவடியின் ஒழுங்கு ஒரு பொதுக் கட்டத்துக்காக விட்டுக்கொடுக்கப்பட்டதே என்று. பிறகு வேலையில் இறங்கியபோது வேறொன்று புரிந்தது. எழுத்தைச் சேமிக்கும் எண் ஒன்று, அதை அடுக்கும் விதி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். யூனிகோடின் அடுக்கு விதியில் ல, வ, ழ, ள, ற, ன என்ற நம் வரிசையே இருக்கிறது. பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்தும் டேட்டாபேஸில் தமிழ் வரிசைப்படி அடுக்கு என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், பனை கடைசிக்குப் போய்விடும். பழையதை அசைக்காமல் அதன் மேல் சரியானதைக் கட்டுவது என்ற வழியை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நள்ளிரவுப்பணி, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இது: மதிப்பது என்றால் அப்படியே விட்டுவிடுவது என்று பொருள் கொள்ளத் தேவையில்லை.

ஆனால் மேலே கட்ட முடியாத பழுதுகளும் உண்டு. ஔவையாரைத் தேடுங்கள். 'ஔ' என்ற ஓரெழுத்தாகத் தட்டியவர்கள் ஒரு பக்கம். 'ஒ' தட்டி அதன் அருகில் 'ள' தட்டியவர்கள் மறுபக்கம். அச்சில் இரண்டும் ஒரே முகம். எங்கள் நூலகப் பட்டியலில் ஆத்திசூடிப் பதிப்புகளில் பாதி ஒருவர் பெயரிலும் மீதிப் பாதி, இல்லாத இன்னொருவர் பெயரிலும் இருந்தன. அதை எந்த விதியும் சரிசெய்யவில்லை; நானும் என்னுடன் வேலை செய்யும் அக்காவும் ஒவ்வோர் அட்டையாகத் திருத்தினோம்.

அரைப்புள்ளி எழுதியது:

அகரவரிசைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. அந்த ஆறு சொற்களையும் எங்கள் மென்பொருளின் பொருள் பட்டியலில் தட்டிப் பார்த்தேன். பனைதான் முதலில் வந்தது. தமிழில் பெயர் வைத்திருக்கும் மளிகைக்கடைகள் இத்தனை ஆண்டுகளாகப் பனைவெல்லத்தை மேலே போய்த் தேடியிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நாளைக்கே அதைச் சரிசெய்யப்போகிறேன்.

நள்ளிரவுப்பணி சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். இன்னும் வராதவர்களையும் எண்ணத்தில் சேர்க்க வேண்டும் என்பதை நான் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். என் முதல் பதிவில் மருந்துக்கடைக்காரரைப் பற்றி எழுதினேன். புதிதாகச் சேர்ந்த பெண், காரணம் தெரியாத வரியின் முன் நின்ற நிலையைப் பற்றி எழுதவில்லை. அந்த மூன்று விநாடியை எழுதியவர் கடைக்காரரை நினைத்தார், எங்களை நினைக்கவில்லை. மதிக்கச் சொல்லி எங்களிடம் கேட்பதற்கு அவர் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்க வேண்டும்.

இருந்தாலும் மேக் விஷயத்தில் நான் ஃபெல்ட்மனின் பக்கமே நிற்கிறேன். பன்னிரண்டு பேர் பல லட்சம் ஆவார்கள் என்று 1976-ல் யாருக்குத் தெரியும்?

பழையமுனையம் எழுதியது:

தெரியாதுதான் தம்பி. ஆனால் அதே ஆய்வகத்தில் நேர்மாறாக நடந்ததும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நள்ளிரவுப்பணிக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன்.

1971-ன் முதல் யூனிக்ஸ் கையேட்டில் நேரம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். 1971 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே வந்தார்கள். 32 பிட்டுக்குள், அதாவது 32 இரும இலக்கங்களுக்குள், அந்த எண்ணிக்கை இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும். நிரம்பும் முன் தொடக்க நாளை நகர்த்தினார்கள். பிறகு முழு விநாடிக்கு மாறி, 1970 ஜனவரி முதல் தேதியில் நிலைகொண்டார்கள். பயனர்கள் கைவிரலுக்குள் அடங்கியபோது தயங்காமல் மாற்றினார்கள். யார் யார் என்று தெரிந்தால், அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மாற்றலாம் அல்லவா?

பிறகு மாற்ற முடியாத அளவுக்கு உலகம் பரந்தது. கூட்டல்-கழித்தல் குறியுடன் கூடிய 32 பிட்டில் விநாடிகளை எண்ணும் கணினிகளில் அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பும். செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரம். அடுத்த விநாடி அந்தக் கணினிகளின் நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் போய்விடும். யூனிக்ஸ் வழிவந்த ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் 2014-லேயே 64 பிட்டுக்கு மாறினார்கள். பழைய நிரல்கள் ஓடாமல் போகும் என்று தெரிந்தே, எல்லாவற்றையும் மறுபடி தொகுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். லினக்ஸ் கெர்னல், பழைய நிரல்கள் நின்றுவிடாதபடி பழைய கதவுகளுக்குப் பக்கத்திலேயே புதிய கதவுகளை வைத்து, 32 பிட் கணினிகளுக்கான வேலையை 2020-ல் வந்த 5.6 பதிப்பில் முடித்தது. இரண்டு வழிகளையும் நான் மதிக்கிறேன். எதையும் செய்யாமல், "அதற்குள் நாம் ஓய்வு பெற்றுவிடுவோம்" என்று சொன்னவர்களையும் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன்; அவர்களோடு மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

நள்ளிரவுப்பணி எழுதியது:

ஐயா, யார் யார் என்று தெரிந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எழுதினீர்களே, அது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் டீமில் நாளை முதல் பழைய வரி ஒன்றை எடுப்பதற்கு முன், அது யாருக்காக இருக்கிறது என்று ஒரு பெயராவது எழுதிக்காட்ட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். பெயர் கிடைக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு ஒரு வாரம் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அரைப்புள்ளி அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று விநாடி வரியைத் திரும்பச் சேர்த்தபோது 'தற்காலிகம்' என்ற சொல்லை அப்படியே வைத்தீர்களா?

அரைப்புள்ளி எழுதியது:

இல்லை. அந்தப் பெண்ணே எழுதினார். இப்போது அங்கே இப்படி இருக்கிறது:

"விருதுநகர் மொத்த மருந்துக்கடையில் உள்ள டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்காக மூன்று விநாடி காத்திருக்கிறோம். எடுத்தால் பில்லின் மேல் இரண்டு வரிகள் அச்சாகாது. ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டோம். மற்றக் கடைகளுக்கு இது தேவையில்லை என்பதால், அந்தக் கடையின் அமைப்புக் கோப்பில் மட்டும் செயல்படும்படி மாற்றியிருக்கிறோம். அவர்கள் பிரின்டரை மாற்றிய நாளில் இதை நீக்கலாம். நீக்கும் முன் கடைக்கு ஃபோன் செய்யவும்."

பிழைவேட்டை எழுதியது:

அந்த பிரின்டர் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

அரைப்புள்ளி எழுதியது:

போன வாரம்தான் கேட்டேன். புதிய ரிப்பன் ஆறு வாங்கி வைத்திருக்கிறார்களாம்.